முதல் முடி

தாராவியில் எங்களுக்குப் பக்கத்து அறையில் இருக்கும் மாரீஸ்வரி, தோல் பட்டறையில் பைகளுக்கு ஜிப் தைக்கிறாள். மகள் செண்பகவல்லிக்கு நாலு வயது. கழுத்து நிற்காது. சில நாள் கண் மேலே சொருகி, மணிக்கணக்கில் அப்படியே கிடப்பாள். ஆறு ஆஸ்பத்திரி ஏறிய பிறகுதான் பிறவியிலேயே ஒரு மரபணு கெட்டிருப்பது தெரிந்தது. மண்டையில் சிறு துளை போட்டு, நல்ல மரபணுவை மூளைக்குள் செலுத்தும் சிகிச்சைக்கு அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை தேதி. அதைச் செய்ய வந்திருக்கும் வெளியூர் டாக்டர் வெள்ளி வரைதான் இருப்பார்.

"அங்க மொட்டை அடிப்பாங்களாம்க்கா. ஊர்ல சாஸ்தாவுக்கு நேர்ந்த முதல் முடி. அவங்க கை படுறதுக்கு முன்னாடி எடுத்துரணும்" என்றாள்.

ஆஸ்பத்திரி அலைச்சலில் ஊருக்குப் போவது வருடா வருடம் தள்ளிப்போயிருந்தது. ஞாயிறன்று முடி வெட்டுகிறவரை வீட்டுக்கே அழைத்தாள். குழந்தையின் தலையைப் பிடித்திருந்தது நான்தான். தலை சரிந்தது, காதுக்குப் பின்னால் கத்தி கீறிவிட்டது. முடியை மஞ்சள் துணியில் முடிந்துவிட்டு, கீறலில் மஞ்சளை அப்பினாள். மறுநாள் அந்த இடம் சிவந்திருந்தது.

டாக்சியில் ஏறியதும் குழந்தைக்குக் கம்பளித் தொப்பி போட்டாள். மே மாதம்.

"டாக்டர்ட்ட சொல்லிருவமாட்டி?" என்று கேட்டேன்.

"சொன்னா தள்ளிப்போட்டுருவாங்க. அந்த டாக்டர் பெறவு எப்ப வருவாரோ. நீ வாயத் தொறக்காதக்கா. நீ எப்பவும் பேசாத ஆளுதான?"

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டர் ஷ்யாமளா மாட்டுங்காத் தமிழர். கையெழுத்து வாங்கும் தாளைத் தமிழிலேயே படித்துச் சொன்னார். "ஜுரம், சளி, தலையில சின்னப் புண்ணுன்னாலும் சொல்லிடணும். கிருமி மூளைக்குள்ள போயிட்டா ரொம்ப ஆபத்து. ஒண்ணும் இல்லியே?"

"இல்லங்க" என்றாள் மாரீஸ்வரி.

பேனாவை எடுத்தாள். வைத்தாள். எழுந்து ஜன்னல்வரை போய் வந்தாள். என்னைப் பார்த்தாள், நான் தொப்பியைப் பார்த்தேன். அவளே அதைக் கழற்றினாள்.

டாக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "நாங்க மிஷின்லதானே எடுப்போம். ஏம்மா இப்படி?"

"முதல் முடிங்க."

"வியாழக்கிழமை கூட்டிண்டு வா. நன்னா ஆறியிருந்தா வெள்ளிக்கிழமை பண்ணலாம். இல்லேன்னா நான் விடமாட்டேன்."

இன்று புதன். மாரீஸ்வரி பட்டறைக்குப் போகவில்லை. காலையிலிருந்து நாலு தடவை குழந்தையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

"காஞ்சிருக்காக்கா?"

"ஓரம் காஞ்சிருக்கு. நடுவுல இன்னும் ஈரம்."

உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்தாள்.