பரிசு என்று எழுதச் சொன்ன பார்சல்

நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில், நாங்கள் நடத்தும் தையல் யூனிட்டுக்குத் துணி வெட்டும் பெரிய கட்டிங் மெஷின் வந்த பிறகு, பழைய கை கட்டர் அலமாரி மேல் ஏறிவிட்டது. வட்ட பிளேடு சுழன்று துணியை வெட்டும் சின்ன மெஷின். வெளிநாட்டுத் தயாரிப்பு, மோட்டார் இன்னும் நன்றாக ஓடியது. காயலான் கடைக்குப் போட மனசு வரவில்லை. பழைய சாமான்களை வெளிநாடுகளுக்கு விற்கும் இணையதளம் ஒன்றில் படம் பிடித்துப் போட்டேன்.

போர்ச்சுக்கலிலிருந்து ஒரு பெண்மணி கேட்டார். நாய்களுக்கு மழைக்கோட்டு தைத்து விற்கிறவராம். "நாய்க்கு மழைக்கோட்டா!" என்று என் கணவர் அரை நாள் சிரித்தார். அந்தம்மா அவர் மொழியில் எழுதுவார், நான் தமிழில் எழுதுவேன், நடுவில் போன் மொழிபெயர்க்கும். விலை படிந்தது, பணமும் வந்தது. அதன்பிறகுதான் அந்தச் செய்தி: "பெட்டியின் மேல் பரிசு என்று எழுதிவிடுங்கள். மதிப்பையும் குறைத்துப் போடுங்கள். விற்ற பொருள் என்றால் இங்கே வரி கேட்பார்கள்."

கணவரிடம் காட்டினேன்.

"எழுதிட்டுப் போவியா, இதுக்குப் போயி ஓசனை பண்ணிக்கிட்டு. எல்லாரும் எழுதறதுதான?"

"காசு வாங்கிட்டுப் பரிசுன்னு எப்படீங்க எழுதறது? கீழ என் கையெழுத்துத்தானுங்க இருக்கும்."

"அந்த ஊரு வரி போனா உனக்கென்ன?"

அவர் கேட்டதும் சரிதான். நான் பார்க்காத, இனிப் பார்க்கவும் போகாத நாடு. ஒரு பழைய கட்டரின் வரி வராததால் அங்கே எந்த ரோடும் நின்றுவிடாது. ஆனாலும் பரிசு என்று எழுதக் கை வரவில்லை.

சாயங்காலம் டீ குடிக்கும்போது கணவர் தன் வழக்கமான புலம்பலை ஆரம்பித்தார். அடுத்த வீதி யூனிட்காரர் பில் போடாமல், வரி கட்டாமல் மலிவாக வேலை எடுப்பதால் எங்கள் ரேட் அடிபடுகிறது. "நாயமாத் தொழில் பண்றவந்தான் ஏமாளி" என்றார்.

"ஏனுங்க, போர்ச்சுக்கல்லயும் இதே கட்டரை வரி கட்டி விக்கிற கடைக்காரன் ஒருத்தன் இருப்பானுங்கல்ல? நான் பரிசுன்னு எழுதுனா அவனும் இப்படித்தான் உக்காந்து நம்மளத் திட்டுவான்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "செரி, உன்ர இஷ்டம்."

ஆனாலும் அந்தம்மாவை நினைத்தால் பாவமாக இருந்தது. அவரும் எங்களைப்போலச் சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்தானே? இப்படி எழுதினேன்: "பரிசு என்று எழுத முடியாது. வரி எவ்வளவு வருமோ அவ்வளவை விலையில் குறைத்து, அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன். குறைத்த விலையை அப்படியே எழுதுகிறேன்."

ரெண்டு நாள் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். வியாபாரம் போயிற்று என்று கட்டரை மறுபடி அலமாரியில் ஏற்றப் பார்த்தேன். அப்போது பதில் வந்தது: "முடியாது என்று சொல்வதற்காகக் கைப்பணம் போட்டவரை இப்போதுதான் பார்க்கிறேன்." கூடவே ஒரு வரிசை சிரிப்பு முகங்கள்.

கூரியர் ஆபீஸில் இருந்தது திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். நான் எழுதிய விலையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"யக்கா, இது புதுசு என்ன விலை விக்குது! இவ்வளவு கம்மியா எழுதுனா யாருக்கா நம்புவாவ? கொஞ்சம் கூட்டிப் போடுங்க."

ஒருவர் குறைக்கச் சொல்கிறார், இன்னொருத்தி கூட்டச் சொல்கிறாள். "வித்த வெலையே அதானுங்க கண்ணு" என்றேன்.

"அப்பம் பழசுன்னு நல்லா வெளங்குத மாதிரி எழுதிருங்க."

பயன்படுத்தியது, கைப்பிடியில் விரிசல், பெயிண்ட் உரிந்தது, பிளேடு பலமுறை சாணை பிடித்தது என்று வரிசையாக எழுதினேன். படித்துப் பார்த்தபோது, இதை நானே வாங்குவேனா என்று சந்தேகம் வந்துவிட்டது.

கூரியர் பெண் பயந்தபடியே போர்ச்சுக்கல் கஸ்டம்ஸில் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். புது மெஷினின் விலையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மலிவாகவா வாங்கினீர்கள்? ஆதாரம் காட்டுங்கள்" என்றாராம் அதிகாரி. ஆதாரம் என்றால் நாங்கள் போனில் மாறி மாறி எழுதிக்கொண்டதுதான். விலையை ஏன் குறைத்தேன் என்பது அதில் தெளிவாக இருந்தது. ஆனால் அதற்கு நேர் மேலே, பரிசு என்று எழுதச் சொல்லி அந்தம்மா கேட்டதும் இருந்தது! அதை மறைத்தால், விலையைக் குறைத்த காரணமே புரியாது.

நடந்ததை வீடியோ காலில் அந்தம்மாவே நடித்துக் காட்டினார். போனை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அதிகாரி படித்தார், பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினார், ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எழுதிய விலைக்கு வரி வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

"என் மேல கோவமுங்களா?" என்று கேட்டேன்.

"வெட்கம்தான். ஆனால் வீடு வருகிறவரை சிரித்துக்கொண்டே வந்தேன்" என்றார். அவர் மடியில் மஞ்சள் மழைக்கோட்டோடு ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த கணவரின் கண்ணுக்கு அந்தக் கோட்டின் தையல்தான் பட்டது.

"தையல் லூசா இருக்குது. டென்ஷனைக் கொஞ்சம் ஏத்தச் சொல்லு."

மெஷினில் நூலை இறுக்கும் டென்ஷனைத்தான் சொன்னார். போன் அதை எப்படி மொழிபெயர்த்ததோ, அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம், அந்தக் கஸ்டம்ஸ் ஆபீஸில் ஏறிய டென்ஷனே போதும்!"

இப்போது அக்கம்பக்கத்து யூனிட்காரர்களும் பழைய சாமானை வெளிநாட்டுக்கு விற்றுத் தரச் சொல்லித் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கணவரே சொல்லிவிடுகிறார்: "வித்த வெலையத்தானுங்க எழுதுவோம்." சிலர் அப்படியே காயலான் கடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். நேற்று வந்தவர் டீ குடித்தார், "செரி, அப்படியே எழுதுங்க" என்று பட்டன் மெஷினின் மோட்டாரை வைத்துவிட்டுப் போனார்.