சுவிட்சின் மேல் ஒரு குளவி

திருவரங்குளத்தில் பேருந்து பழுதாகி நிற்கிறது. மாற்றுப் பேருந்து வந்துகொண்டிருக்கிறதாம். அரசுப் பணியில் இருந்தவன் என்பதால் நான் நம்பவில்லை. எதிரே இருக்கும் டீக்கடையில் போய் உட்காருகிறேன். உள்ளே வெக்கை.

"ஃபேனப் போடும்மா."

"போட முடியாதுங்க சார். சுவிட்சுல குளவி கூடு கட்டுது" என்கிறார் கடைக்கார அம்மாள்.

குளவி என்றாலே எனக்கு ஆகாது. செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு எழுகிறேன்.

"ஐயையோ, அடிச்சுப்புடாதீங்க! அது கட்டி முடிச்சா வீட்டுல புள்ளை பொறக்கும்பாங்க. எம் மருமகளும் எத்தனை ஆஸ்பத்திரிதான் ஏறுவா?"

உள்ளே மருமகள் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றுபோகிறது.

மனுவை நிராகரிக்க எனக்குத் தெரியாத விதி இல்லை. ஆனாலும் சுருட்டிய செய்தித்தாளைப் பிரித்து மேசையில் வைக்கிறேன். உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொள்கிறேன்.

குளவி ஈரமண் உருண்டையோடு வருகிறது. நூலளவு இடுப்பு, வெயில் பட்ட இறகில் நீலம். ரீங்கரித்தபடியே மண்ணை இழைத்து இழைத்துப் பூசுகிறது. எந்த ஒப்பந்தக்காரரும் இப்படிப் பூசி நான் பார்த்ததில்லை.

அது மண் எடுக்கும் வாசல் ஈரம் காய்ந்துகொண்டிருக்கிறது. எழுந்துபோய் என் குடிதண்ணீரை அங்கே ஊற்றுகிறேன். மருமகள் வெளியே வந்து, காலி பாட்டிலை வாங்கி நிரப்பித் தருகிறாள்.

அதையும் ஊற்றுகிறேன்.