சொந்தமில்லாத ரத்தம் தேடி இனயத்துக்கு

நன்றாக இருக்கிற மனிதர்களிடம் போய், ‘கொஞ்சம் ரத்தம் கொடுங்கள்’ என்று கேட்பதுதான் என் உத்தியோகம். வீடு வீடாகப் பொருள் விற்று அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும். 2011 வாக்கில் ஓர் ஆராய்ச்சிக்காக நாகர்கோவிலிலிருந்து ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறிக்கொண்டிருந்தேன்.

வெயிலுக்குக் குறைவில்லை

கடற்கரை ஊரான இனயத்தில் பிலோமினாக்கா மீன் விற்பவர். முடக்குவாதத்தில் விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. நாளெல்லாம் வெயிலில் நிற்கிறவளுக்கு வைட்டமின் டி ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டார். அந்த வைட்டமினை வாங்கிக்கொள்ள செல்லுக்குள் ஒரு வாசல் இருக்கிறது, அதன் அமைப்பு பிறவியிலேயே ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், அதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா என்றுதான் பார்க்கிறோம், இன்னும் உறுதியில்லை என்றேன்.

அக்காவின் பயம் வேறு. மகள் ஷீபாவுக்கு அருமனையில் சம்பந்தம் பேசி முடிக்கும் நேரம். ரத்தத்திலேயே நோய் என்று பேச்சு கிளம்பினால் கல்யாணம் நின்றுவிடும். தாய்க்கு இருந்தால் மகளுக்கு வந்தே தீரும் என்றில்லை என்று சொல்லிப் பார்த்தேன். யோசித்துவிட்டுக் கையை நீட்டினார்.

“எடு மக்கா. ஆனா அருமனைக்காரங்க காதுல விழப்பிடாது, கேட்டியா?”

பூசை முடிந்து வந்த கூட்டம்

ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத, அக்காவுக்கு ரத்த சொந்தமில்லாத ஒருவர் வேண்டும். நோயாளி பெயரைச் சொல்லாமல் பங்குச் சாமியார் ஞாயிறு பூசையில் அறிவிக்க, திருவிழா மாதிரிக் கூட்டம். அக்கா சும்மா வேடிக்கை பார்ப்பவர்போல என் பின்னால் நின்று, சித்தி மகன், மாமன் மகள், பெரியப்பா பேரன் என்று காதில் ஓதிக்கொண்டே இருந்தார். ஒருவர்கூடத் தேறவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி வைத்திருந்த மீன்பிடி வள்ளக்காரர் ஒருவருக்கு மனசு தாங்கவில்லை.

“சொந்தமில்லாத ஆளு வேணும்னா நீங்க பஸ் ஸ்டாப்புல போயில்லா நிக்கணும்.”

விருந்தாளி

மறுவாரம் அக்கா வீட்டுக்குப் போனால், உள்ளே மாப்பிள்ளையின் அம்மா ரோசம்மா. மீன்காரி வீட்டுக்கு வந்த ஐஸ் பெட்டியில் வேறென்ன இருக்கும்? விருந்துக்கு மீன் வந்திருக்கிறதென்று ஆசையாக மூடியைத் திறந்துவிட்டார். உள்ளே வரிசையாக ரத்தம் நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குழாய்கள்.

அக்காவே விரல்களைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ரோசம்மா அந்த விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, என்னிடம் எப்படிப்பட்ட ஆள் கிடைக்கவில்லை என்று விசாரித்தார். சொன்னேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்; கல்யாணத்துக்கு நானும் வந்தாக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

“கல்யாணம் கழிஞ்சா நான் சொந்தக்காரி ஆயிருவேன், அதுக்கு முன்ன எடு மக்கா.”

சம்பந்தி ஆனாலும் ரத்த சொந்தம் ஆகாது என்கிற அறிவியலை நான் அங்கே மூச்சுவிடவில்லை, ஊசி குத்திப் பிழைக்கிறவனுக்குக் கல்யாண அழைப்பு என்ன தினமுமா வரும்!