மூன்றாவது பல்லையும் பிடுங்கச் சொன்னார்கள்

என் மனைவிக்கு மேல்வாயில் இடதுபக்க ஈறு வீங்கியது மிளகு பறிப்பு நேரத்தில். மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி, அடிவாரத்து ஊரில் ஒரு பல் டாக்டரிடம் காட்டினோம். சீழ் கட்டியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். வீக்கம் கூடியது. பல்லைப் பிடுங்கினார். குழி ஆறவில்லை, பக்கத்துப் பல்லும் ஆடியது. அதையும் பிடுங்கினார்.

"வெத்தலை பாக்கு போட்டா இப்படித்தான். மலைக்காரங்க சொன்னா எங்க கேக்கறீங்க" என்றார். அவள் ஒருநாளும் வெற்றிலை போட்டவள் அல்ல. போடுவாயா என்று அவர் கேட்கவுமில்லை.

வீட்டுக்கு வந்து அவள் சிரித்தாள். "களிய மெல்லறதில்லியே, முழுங்கறதுதான. பல்லு எதுக்குங்க?" சிரிக்கும்போதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது பல்லையும் பிடுங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் குலதெய்வத்திடம் பூக் கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் உத்தரவு. "மூணாவது பல்லைப் புடுங்கலாமா சாமி?" என்று கேட்டேன். சிவப்பு வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டு ஒரு மாதம் மலையிலேயே இருந்துவிட்டோம். சாமி பல்லைப் பிடுங்காதே என்றுதான் சொன்னது. வேறு டாக்டரிடம் போகாதே என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். அந்த ஒரு மாதத்தை வீணாக்கியதற்கு என்மேலேயே எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கன்னம் மரத்துப்போன பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா வாயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மாத்திரைக்கும் கேக்கல, பல்லை எடுத்தும் வத்தல. யாராவது சதையைத் துளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாங்களா?"

"இல்லீங்க."

அனுப்பிப் பார்த்ததில் நிணநீர்ப் புற்றுநோய் என்று வந்தது. கழுத்திலோ அக்குளிலோ கட்டியாக வருவதுதான் வழக்கமாம். சிலருக்கு ஈறு, எலும்பு, தோல் என்று எங்காவது வந்து சீழ்க்கட்டி போலவே ஏமாற்றுமாம். இவளுக்குக் கழுத்துக்கும் இறங்கியிருந்தது. மருந்தில் குணமாக வழி இருக்கிறது, முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் நல்லது என்றார்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரே பல் டாக்டரிடம் போனேன். "இது அபூர்வமான நோய், எல்லாருக்கும் புடிபடாது" என்றார்.

"புடிபடாதது தப்பில்லீங்க. ரெண்டு பல்லு போயும் வத்தலீன்னா, எனக்குப் புடிபடல, மேல போய்க் காட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. அதுக்கு என்ன படிப்பு வேணுமுங்க?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இதுவரை மூன்று தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது. ஈறு வீக்கம் வற்றிவிட்டது. கழுத்துக் கட்டி மட்டும் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. விளக்கேற்றும்போதெல்லாம் அதைக் கரைத்துவிடு என்று வேண்டுகிறேன். அந்த டாக்டருக்கும் நல்ல புத்தி கொடு என்று வேண்ட வேண்டும்தான். அதற்கு இன்னும் எனக்கு வாய் வரவில்லை.