வீட்டைப் பார்த்து வரும் கப்பல்

அத்தை வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு புயல் படம். பாய்மரம் முறிந்த கப்பல் ஒருக்களித்துக் கிடக்கும். கயிற்றைப் பிடித்துத் தொங்கும் ஆட்கள் எறும்பளவில் தெரிவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் வரைந்ததன் நகல். சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்த அத்தை மகன் முதல் விடுமுறைக்கு வந்தபோது வாங்கி வந்தான். ஆயிரம் அடி போர் போட்டாலும் புழுதி பறக்கும் திருச்செங்கோட்டுப் பக்கம், அதுவும் போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் மாமா வீட்டில், சுவர் நிறையத் தண்ணீர். வந்தவர்கள் எல்லாம் சிரித்தோம்.

வாஸ்து பார்க்க வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. கப்பல் வாசலைப் பார்த்துப் போகிறது, வீட்டிலிருப்பதெல்லாம் கூடவே போய்விடும், உள்ளே வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். எதிர்ச் சுவருக்கு மாற்றலாம் என்றால் அங்கே பூஜை அறைக் கதவு. மகன் வாங்கியதைக் கழற்றிப் போடவும் அத்தைக்கு மனம் வரவில்லை. படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், இடம் வலம் மாற்றி அச்சடித்து, அதே சட்டத்தில் போட்டு வாங்கி வந்துவிட்டார். இந்த யோசனை அத்தையைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. மகன் கப்பலிலிருந்து போனில் பேசியபோது, "கப்பலோட சேத்துப் புயலையும் நம்ம ஊட்டுப் பக்கம் திருப்பிட்டியேம்மா" என்று கேலி செய்தான்.

அந்தப் பயணத்திலேயே அவன் காணாமல் போனான். கடல் கொந்தளிப்பில் மேல்தளத்துக்குப் போனவன் திரும்பவில்லை, தேடிப் பார்த்து நிறுத்திவிட்டோம் என்றார்கள் கப்பல் கம்பெனிக்காரர்கள். உடலும் கிடைக்கவில்லை. அத்தை படத்தைப் போட்டு உடைப்பார் என்று நினைத்தோம். அவரோ அதன் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த வீட்டுக்குப் போகவே பிடிக்காமல் போயிற்று.

இரண்டு வருடம் பொறுத்த மாமா, இந்த ஆடி அமாவாசைக்காவது பவானி கூடுதுறையில் பையனுக்குக் காரியம் செய்துவிட நினைத்தார். அத்தை சம்மதிக்காமல் அதைச் செய்யவும் அவரால் முடியாது. "நீ சொன்னீன்னாக் கேப்பா சாமி. பையன் பசியோட அலையக் கூடாதுன்னு எடுத்துச் சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

போய் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே படத்தைக் காட்டிக் கேட்டார்.

"இதுல தொங்கறாங்களே, இவிய கரை சேந்தாங்களா கண்ணு?"

கரை சேர்ந்திருந்தாலும் அவர்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இருக்க வழியில்லை.

"தெரியலைங்க அத்தை."

"என்ன ஆனாங்கன்னே தெரியாதவங்களுக்கு எப்பிடிச் சாமி காரியம் பண்றது? உங்க மாமாகிட்டச் சொல்லு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமா, பவானிக்குப் பேசி வைத்திருந்த காரை வேண்டாம் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. பையன் இல்லை என்று முடிவு கட்டாமல் தப்பித்தது அவருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.