சேலை மடித்துக்கொண்டே இங்கிலீஷ் வாசித்த ஃபிலோமினா

ஃப்ளோர் மேனேஜர் தங்கராஜ் அண்ணாச்சி, பில் போடுகிற கோமதி, ஃபிலோமினா, நான். அன்றைக்கு மைக் ரூமில் இருந்தது இந்த நாலு பேர்தான்.

அதில் ஃபிலோமினா நேற்று காலையில் போய்விட்டாள். சாந்தோம் கோயிலில் பூசை முடிந்து, அடக்கம் பண்ணிவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

சுகர்... காலில் வந்த புண் ஆறவே இல்லை.

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. நாலாவது மாடி பட்டு செக்‌ஷனில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். வேலை பார்த்தோம் என்றும் எழுதலாம், ஆனால் நின்றோம் என்பதுதான் சரி. கஸ்டமர் ஒருத்தர்கூட இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது.

நான் அஞ்சாவதோடு சரி. அவள் பத்தாவது பாஸ். கான்வென்ட் சிஸ்டர்களிடம் கொஞ்ச காலம் வேலைக்கு இருந்து, காதாலேயே பிடித்துக்கொண்ட இங்கிலீஷ் அவளுடையது.

பட்டுச்சேலைப் பெட்டிக்குள் மெல்லிசாக ஒரு வெள்ளைத் தாள் வரும். அதில் ஒரு துண்டு கிழித்து என் வாய்க்கு நேராகத் தொங்கவிட்டுப் பிடிப்பாள்.

"பேப்பர்னு சொல்லு. இங்கிலீஷ் 'ப'வுக்கு வாயில காத்து வரணும், பேப்பர் ஆடணும்."

சொன்னேன். அது சிவனே என்று தொங்கியது. அவள் சொன்னால் துள்ளும். பிங்க், பர்ப்பிள், ப்யூர் சில்க் என்று ஒரு வாரம் ஊதிய பிறகுதான் எனக்கு ஆடியது. அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் எதிர் கவுண்டர்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் மடிப்பு. ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் நாற்பது சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் எழுந்து போவார்கள். அத்தனையையும் நாங்கள் ரெண்டு பேரும் எதிரெதிராக நின்று மடிக்க வேண்டும். அப்போதுதான் அவள் பாடம் ஆரம்பிக்கும்.

சேலையில் தைத்திருக்கும் சீட்டு, தள்ளுபடி போர்டு, எது கண்ணில் பட்டாலும் சத்தமாக வாசிக்கணும். அழுத்திச் சொல்கிற வார்த்தைக்கு ஒரு மடிப்பு. நடுவில் வருகிற குட்டி வார்த்தையெல்லாம் அடுத்த மடிப்பு விழுவதற்குள் ஓடிவிடணும்.

முதல் நாள் நான் 'த'வுக்கும் மடித்தேன், 'ஆஃப்'க்கும் மடித்தேன். ஆறு கெஜம் பட்டு கைக்குட்டை மாதிரி ஆகிவிட்டது.

"எல்லா வார்த்தையையும் இன்னாத்துக்குடி நிக்க வைக்கிற? நாம நிக்கிறது போதாதா? சிலத உக்கார விடு."

அவள் சொன்னபடி வாசித்தேன். வெடிங் சில்க்ஸ்... ஆர் ஆன் த... ஃபோர்த் ஃப்ளோர். நாலு மடிப்பு, சேலையும் ஒழுங்காக வந்தது. எனக்கே ஆச்சரியம்.

இப்படி இருக்கும்போது மைக்கில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி கோயம்புத்தூர் போய்விட்டாள். தமிழும் இங்கிலீஷும் சரியாக வாசிப்பவருக்கு அந்த இடம் என்றார்கள்.

மைக் ரூமில் ஒரு நாற்காலி உண்டு. சாய்மானம் வைத்தது.

நீதான் போகணும் என்றாள் ஃபிலோமினா. என் முட்டி மடங்காமல் நான் படிக்கட்டில் பக்கவாட்டில் இறங்குவதை அவள் தினம் பார்ப்பவள். அவள் காலும் லட்சணமாகவா இருந்தது? பாதத்திலிருந்து முட்டி வரை நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருக்கும். கட்டுத்துணி சுற்றி, சேலையை இறக்கி விட்டுக்கொள்வாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச விடமாட்டாள்.

மூன்று வாரம் அந்த அறிவிப்பையே வாசித்து வாசித்து மடித்தோம்.

அன்றைக்கு மைக் முன்னால் போய் நின்றால்... கையில் சேலை இல்லை. 'டியர் கஸ்டமர்ஸ்' என்றேன், அதற்கு மேல் நாக்கு வரவில்லை.

அண்ணாச்சிக்குப் பின்னால் நின்ற ஃபிலோமினா, தன் முந்தானையைக் கையில் எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அவள் கையைப் பார்த்துக்கொண்டே கடைசி வரி வரை வாசித்துவிட்டேன்.

"நல்லாத்தானே வாசிக்கீக" என்றார் அண்ணாச்சி.

அப்போது கோமதி சொன்னாள், "அண்ணாச்சி, இவங்க அஞ்சாங்கிளாஸ்தான். மைக் ரூமுக்கு பத்தாவது பாஸ் வேணும்னு முதலாளி சொல்லிருக்காரு." யாரும் அவளைக் கேட்கவில்லை.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அறிவிப்பு எழுதிய பேப்பரை ஃபிலோமினாவிடம் நீட்டினார்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள் அதை. அவள் வாசித்தாள் பாருங்கள்... ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, விறைப்பாக, ஒரே கனத்தில். 'ஃபோர்த்' என்ற இடத்தில் திக்கி வேறு காட்டினாள். அண்ணாச்சி பேப்பரை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே கோமதியின் தங்கை வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஏண்டி அப்படி வாசித்தாய் என்று படிக்கட்டில் கேட்டேன். அந்த ரூமில் ஏசி ஜாஸ்தி, தனக்கு ஒத்துக்காது என்றாள். நேராகப் போய் கவுண்டரில் நின்றாள். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் நின்றாள்.

போன மாசம் ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கால் பக்கம் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்டேன்.

"இன்னும் அதையே புடிச்சிக்கினு கீறியா? இந்த மாத்திரை அட்டைய வாசி."

கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன். நான் வாசிக்க வாசிக்க என் உள்ளங்கையில் விரலால் அழுத்தினாள். நாலே அழுத்து. சரியாக வாசித்திருக்கிறேன் போல... கண்ணை மூடிக்கொண்டாள்.

கோமதியோடு ஒன்பது வருஷம் பேசவில்லை. வடபழனியில் ஒரு கல்யாணத்தில் அவளாக வந்து கையைப் பிடித்தாள். சரி என்று பேசிவிட்டேன், அது முடிந்த கதை.

என் முட்டி வலி என்னோடு. அதற்கு ஈடாக உன் காலைக் கொடு என்று நான் கேட்டேனா?

ரெண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். நல்லபடியாகப் போய்ச் சேர். ஆனால் கைக்கு வந்த நாற்காலியை எனக்காக வேண்டாம் என்று விட்டுவந்தாயே, அதற்கு மட்டும் உன்னை நான் மன்னிக்க மாட்டேன், ஃபிலோமினா.