மழையை அளந்தவளுக்கு ஒரு சான்றிதழ்

போனக்காடு எஸ்டேட்டில் பேச்சித்தாய் பத்தொன்பது வருஷமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானித் தண்ணீரை அளந்து நோட்டில் எழுதுகிறாள். காய்ச்சலிலும் விட்டதில்லை. போன வருஷம் காலநிலை நீதி இயக்கத்துக்காரர்கள் வந்து எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துப் போனார்கள். இப்போது திருவனந்தபுரத்தில் அறிக்கை வெளியீடு என்று அழைத்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனாள். திரையில் அவள் அளவுகள் வண்ணக் கோடுகளாக ஏறி இறங்கின, பெயரைத்தான் காணோம். கடைசியில் மேடையேற்றி, மழையளக்கும் பயிற்சி பெற்றதாக அவளுக்கே சான்றிதழ் கொடுத்தார்கள்.

"கொல்லன் தெருவுல வந்து ஊசி விக்கியளே, மோளே!" என்றாள்.

"அது ஒரு ஃபார்மாலிட்டி மாத்ரம், சேச்சி," என்று இயக்கத்துப் பெண் ஸ்மிதா சிரித்தாள்.

வீடு திரும்பி நோட்டைத் திறந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் மழையை அளக்காத ஒரே நாள், அவளைக் கௌரவித்த அந்த நாள்தான்.